சோலைமட்டம் வரிசைக்காரர்களும் வளைந்த ஆணியும்

சோலைமட்டத்தில் சாதி முதன்முதலாகக் கழன்று விழுந்தது மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமைச் சாயங்காலம், ஃபென் ஹாலின் மரத்தளத்தின் மேல். அங்கிருந்த யாரும் அதற்காக ஆச்சரியப்படவில்லை. கழற்றச் சொன்னது துரைசானி, துரைசானி சொன்னதைச் செய்துதான் அவர்களுக்குப் பழக்கம். சுதந்திரம் வந்த செய்தி அதற்குள் மலையேறி வந்து சேர்ந்திருந்தது என்றாலும், அது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, குளிருக்குக் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு, மேலே போவதா திரும்பிப் போவதா என்று யோசித்துக்கொண்டே நின்றிருக்க வேண்டும்.

இந்த ஆட்டக் குழுவின் வரலாற்றை ஆண்டு விழா மலருக்காக ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள், நான் கோயம்புத்தூரில் வரலாறு படிக்கிறவள் என்பதால். "ஆணி விஷயம் வேண்டாம் சுடர், மத்ததெல்லாம் எழுது" என்றார்கள். ஆணியை எடுத்துவிட்டால் இந்தக் குழுவுக்கு வரலாறு என்று என்ன மிஞ்சும், நீங்களே சொல்லுங்கள். ஆகவே இது ஒரு பக்கத்தில் அடங்காமல் போன வரலாறு.

துரைசானி என்று ஊர் சொன்னது மிஸ் ஃபென்னை. தேயிலைத் தோட்டத்து மேனேஜரான அண்ணனுக்கு வீடு பார்த்துக்கொள்ளக் கப்பலேறி வந்தவள், வரும்போது இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அமுக்கி இழுத்து வாசிக்கிற கான்சர்டினா என்ற சின்னப் பெட்டியையும், தன் ஊர் நாட்டுப்புறத்து ஆட்டங்களையும் கொண்டுவந்தாள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, எதிரெதிரே முகம் பார்த்து நிற்க வேண்டும். கை கொடுத்து, கை மாற்றி, சுற்றி, விலகி, மறுபடியும் வந்து நிற்க வேண்டும். தோட்டத்து வெள்ளைக்காரர்கள் சனிக்கிழமைதோறும் வந்து, மழைக்கோட்டுகளைச் சுவர் ஆணிகளில் மாட்டிவிட்டு ஆடினார்கள். பிறகு அவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிப் போகப் போக வரிசை குறைந்து, குறைந்து, கடைசியில் அண்ணனும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, எதிரே முகமில்லாத வரிசையில் அவள் ஒருத்தி மட்டும் நின்றாள். இந்த ஆட்டத்தைத் தனியாக ஆட முடியாது. கொடுக்கிற கைக்கு எதிரே வாங்குகிற கை ஒன்று வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஞானமுத்துவைக் கூப்பிட்டு, பஜாரில் போய்ச் சொல், யார் வேண்டுமானாலும் வரலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம் என்றாள்.

வந்தார்கள். கலை ஆர்வத்தால் வந்தார்கள் என்று மலரில் அச்சாகியிருக்கிறது, அது பொய். ஃபென் ஹாலில் கணப்பு எரிந்தது, வெளியே மூடுபனி எலும்பு வரை இறங்கிக்கொண்டிருந்தது, அதனால் வந்தார்கள். பஜார்த் தெருவிலிருந்து வந்தார்கள், தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து வந்தார்கள், மேட்டிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் வந்தார்கள். யார் யார் என்ன ஆட்கள் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் கதையை விட்டுவிட்டு மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்குவீர்கள். எனக்குத் தெரியும், நானும் இந்த ஊர்க்காரிதான்.

ஆட்டத்தில் ஒரு கட்டம் உண்டு. வரிசையின் தலைப்பில் நிற்கிற ஜோடி, ஒருவரை விட்டு ஒருவர் வெளிப்பக்கமாகத் திரும்பி, தத்தம் வரிசையின் முதுகுக்குப் பின்னால் நடந்து, கடைசியில் போய் நிற்க வேண்டும். அதற்கு துரைசானியின் பாஷையில் 'காஸ்ட் ஆஃப்' என்று பெயர். அவள் அதைத்தான் சொன்னாள், வேறொன்றையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஞானமுத்துவுக்குத் தெரிந்த 'காஸ்ட்' ஒன்றே ஒன்றுதான்: நோயாளியின் பெயருக்கும் வயதுக்கும் பக்கத்தில், தினமும் அவர் கேட்டுக் கேட்டு நிரப்புகிற கட்டம்.

"என்ன சொல்றாங்க கம்பவுண்டரே?"

"சாதியக் கழட்டணுமாம்."

"எல்லாருமா?"

"முதல் ஜோடி முதல்ல. அப்புறம் ஒவ்வொரு ஜோடியா."

"கழட்டிட்டு?"

"பின்னாலயே நடந்து கடைசிக்குப் போயிரணும்."

"தலைப்புல நிக்கறவங்க கடைசிக்கா? அப்ப கடைசியில நிக்கறவங்க?"

"அவங்க மெதுவா மேல வந்துருவாங்க போல. ஆட்டமே அப்படித்தான்கறாங்க."

கணப்பில் ஒரு விறகு வெடித்தது. பிறகு யாரோ, "வந்ததுக்கு ஆடித்தான் பார்ப்போமே, வெளியில குளுருது" என்றார்கள். துரைசானி பெட்டியை இழுத்தாள். தலைப்பில் நின்ற ஜோடி வெளிப்பக்கம் திரும்பியது, திரும்பியபோது அவர்கள் தோளிலிருந்து ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்கிக் காலடியில் விழுந்தது. அவர்கள் அதைத் தாண்டி நடந்தார்கள். அடுத்த ஜோடிக்கும் விழுந்தது. அதற்கடுத்த ஜோடிக்கும் விழுந்தது. இசை சுற்றிச் சுற்றி வர, வரிசை மேலேறி மேலேறிக் கீழிறங்க, மரத்தளம் முழுக்க அவை உதிர்ந்து கிடந்தன, விடியற்காலையில் ரோட்டில் கிடக்கிற பூக்கள் போல, சத்தமில்லாமல்.

முட்டை ஓட்டுக்குக் கீழே ஒரு மெல்லிய தோல் இருக்குமே, அந்த நிறம். தொட்டால் நனைந்தது போலவும் இருக்கும், காய்ந்தது போலவும் இருக்கும். விஷயம் அதில்லை. விஷயம் என்னவென்றால், எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மேட்டிலிருந்து வந்தவருடையதும் பள்ளத்திலிருந்து வந்தவளுடையதும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபோது எது எவருடையது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியவில்லை. அதைப் பார்த்த பிறகாவது இவர்களுக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றியது. விழுந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

துரைசானி அவற்றைச் சால்வைகள் என்று நினைத்தாள். எவ்வளவு நேர்த்தியான நெசவு என்று வியந்தாள், மிதிபடாமல் மழைக்கோட்டு ஆணிகளில் மாட்டி வைக்கச் சொன்னாள். அவளோடும் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது: முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்தவள், ஒரே ஒரு தடவை இது என்ன துணி என்று கேட்டிருக்கலாம். அவள் ஆடியபோது அவளுக்கும் ஒன்று விழுந்தது. கஞ்சி போட்டது போலக் கொஞ்சம் விறைப்பாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதை அவள் மற்றவர்களுடையதைப் போலவே ஆணியில் மாட்டிவிட்டு, போகும்போது மற்றவர்களைப் போலவே மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

ஆம், எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும், டீயும் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டும் சாப்பிட்டு முடிந்ததும், அவரவர் ஆணிக்குப் போய், அவரவருடையதை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு, மூடுபனிக்குள் இறங்கிப் போனார்கள். கழற்றத்தான் துரைசானி சொன்னாள். மறுபடி மாட்டிக்கொள்ள யாரும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பே இல்லாமல் அவர்களாகவே செய்த காரியம் அது ஒன்றுதான்.

அப்படியே வழக்கமாயிற்று. ஊர் அவர்களை வரிசைக்காரர்கள் என்றது. சனிக்கிழமையானால் வரிசைக்குப் போவது, கழற்றுவது, கை கோத்து ஆடுவது, ஒரே தட்டிலிருந்து வர்க்கி எடுப்பது, ஒரே கோப்பையைக் கழுவிக் கழுவிக் குடிப்பது, மாட்டிக்கொள்வது, வீட்டுக்குப் போவது. ஞாயிற்றுக்கிழமை பஜார் டீக்கடையில் சிலருக்குத் தனி கிளாஸ். முந்தின நாள் கையைப் பிடித்து ஆடியவரே அந்தக் கிளாஸைத் தள்ளி வைப்பார், அவருக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியாது, அவர்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாரே. குழந்தைகளுக்கு எதுவும் விழாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு விழத் தொடங்கும், அப்போது அப்பாவோ அம்மாவோ அடுத்த ஆணியைக் காட்டி, "இது உன்னோடது, மத்தவங்களோடதத் தொடக் கூடாது" என்பார்கள். கிழக்குச் சுவரில் கணப்புக்குப் பக்கத்தில் சிலருடைய ஆணிகள், மேற்குச் சுவரில் ஈரம் கசிகிற பக்கம் சிலருடைய ஆணிகள். யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது என்பார்கள். தானாக அமைகிறவற்றைப் பற்றி எனக்கு நிறையச் சந்தேகம் உண்டு.

மிஸ் ஃபென் காலமானாள். அவளைச் சர்ச் தோட்டத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். கான்சர்டினா குழுவில் இருந்த பெனடிக்ட் அண்ணன் கைக்கு வந்தது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியாத நேரங்களில் வாசிப்பார், அவருக்குப் பெரும்பாலும் என்ன செய்வதென்று தெரியாது. ஆட்டத்தின் கட்டளைகளைச் சொல்கிற வேலை ஜெபக்கனி டீச்சருக்கு வந்தது. தலைவர் பதவி ஹார்டுவேர் கடை கனகசபைக்கு வந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்திருந்தால் வாதாடுவது சுலபம். ஹாலுக்கு வேண்டிய ஆணிகளைத் தன் கடையிலிருந்து இலவசமாகக் கொடுப்பார், ஓட்டை அடைப்பார், யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து, சரியான தூரத்தில் நிற்பார்.

என் அம்மா மரகதம், பஜார் பேக்கரியில் வர்க்கி கட்டிக்கொடுக்கிறவள். அவளுடைய ஆணி மேற்குச் சுவரில் இருந்தது.

அன்றைக்கு அம்மா மறந்துவிட்டாள். இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை, முதலில் நானும் நம்பவில்லை. ஆட்டம் முடிகிற நேரம் நான் ஹாஸ்டலிலிருந்து போன் செய்திருக்கிறேன். என் அறைக்குப் புதிதாக வந்த பெண், பெயர் கேட்பதற்கு முன்னால் 'உங்க ஊர்ல எந்தத் தெரு?' என்று கேட்டதைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தேன். அம்மா போனைக் காதில் வைத்து, "விடு கண்ணு, விடு கண்ணு" என்று சொல்லியபடியே ஹாலை விட்டு வெளியேறி, பேசிக்கொண்டே மேடேறி, வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டுக்குப் போகிற ஏற்றத்தின் பாதியில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது, அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து மூச்சு வாங்காமல் அம்மா ஒரு நாளும் ஏறியதில்லை. அன்று உட்காரவில்லை. மறுநாள் என்னிடம் சொன்னாள்:

"அந்தப் புது தைலம் நல்லா கேக்குதுடி. முட்டிவலியே தெரியல."

தைலம் இல்லை என்று பேக்கரியில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த முதல் ஆள், வழக்கம்போல "ஏ மரகதம், ரெண்டு பாக்கெட் கட்டு" என்று சொல்ல வாயைத் திறந்து, அம்மாவைப் பார்த்து, நாக்கு எங்கோ மாட்டிக்கொண்டு நின்றார். 'நீ' என்று சொல்ல வரவில்லை. 'நீங்க' என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே தமிழில் நிற்க இடம் உண்டா என்று தேடினார். தேடினால் கிடைக்காமலா போகும்?

"வர்க்கி... வந்தாச்சா?"

"வந்தாச்சுங்க."

"ரெண்டு பாக்கெட்... கட்டியாச்சா?"

அன்றிலிருந்து ஊரே அம்மாவிடம் அப்படித்தான் பேசியது. சாப்பிட்டாச்சா, கிளம்பியாச்சா, பொண்ணு ஊருக்குப் போயாச்சா. செய்கிறவர் யார் என்று சொல்லாமலே வேலைகள் தாமாக நடந்து முடிந்துகொண்டிருந்தன. சில்லறை கொடுத்தாச்சு, குடை வைத்தாச்சு, மழை நின்றாச்சு. பேசியவர்களுக்கு மதியத்துக்குள் களைத்துப்போனது. மூடுபனி நாட்களில் பேக்கரிப் பக்கம் போனால் ஆளே தெரியாமல் இந்த ஆச்சா ஆச்சா மட்டும் வெள்ளையில் மிதந்து வரும். நல்ல கனவு ஒன்றை ஊர் மொத்தமும் கொஞ்சம் கூச்சத்தோடு கண்டுகொண்டிருப்பது போல இருந்தது. டீக்கடைக்காரர் அம்மாவுக்கு எந்தக் கிளாஸில் டீ தருவது என்று தெரியாமல், கடைசியில் தன் வீட்டிலிருந்து ஒரு பீங்கான் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார்.

ஃபென் ஹாலில் ஆணி வளையத் தொடங்கியது.

அம்மாவுடையது தொங்கிய ஆணி முதலில் மூக்கு போலத் தாழ்ந்தது. பிறகு சுவரில் காரை உதிர்ந்தது. கனகசபை பெரிய ஆணி ஒன்று அடித்தார், அதுவும் தலைகுனிந்தது. இன்னும் பெரிய ஆணி அடித்தார். யாருடையதையும் யாரும் தொடக் கூடாது என்பதால் ஒரு கம்பால் தூக்கி மாட்டினார், கம்பு முறிந்தது. முறிந்தது பழைய கம்பு என்று சொல்லிவிட்டார். கமிட்டி கூடியது. நான் விடுமுறைக்கு வந்திருந்தேன், கூப்பிடாமலே போனேன்.

"சுவர் விழுந்துரும்மா," என்றார் கனகசபை. "யாரு மேலயும் குத்தம் சொல்லல. ஞாபகமறதி யாருக்கும் வர்றதுதான். எடுத்துப் போட்டுக்கிட்டா தீர்ந்துது."

"ஏன் எடுக்கணும்?" என்றேன் நான்.

"ஏன்னா? அவங்கவங்களோடத அவங்கவங்க எடுக்கறதுதானே முறை? நான் எடுக்கலையா? டீச்சர் எடுக்கலையா?"

"நீங்க எடுக்கறது உங்களுக்குத் தெரியுதா மாமா? போட்டிருக்கோம்னு என்னைக்காவது தெரிஞ்சிருக்கா?"

"எனக்கென்னம்மா தெரியப்போகுது, அது பாட்டுக்கு இருக்கு. ஒரு தொந்தரவும் இல்லை."

"அதத்தான் சொல்றேன். கிழக்குச் சுவரப் பாருங்க. உங்க தாத்தா காலத்து ஆணி, இன்னும் நேரா நிக்குது. மேற்குச் சுவர்ல எத்தனை ஆணி மாத்தியிருக்கீங்க? உங்க கடை ஆணிதானே?"

"அது ஈரம். துருப் பிடிக்கும்."

"துருப் பிடிச்சா உடையும். வளையாது."

கமிட்டி மேற்குச் சுவரைப் பார்க்காமல் தளத்தைப் பார்த்தது. கடைசியில் ஒருவர், "ஆள் இல்லாம தொங்கத் தொங்க அதுக்குக் கனம் ஏறுது, அதான் விஷயம்" என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கனம் ஏறவில்லை, ஐயா. எப்போதும் இருந்த கனம்தான். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் ஆணி தாங்கியது, மற்ற நேரமெல்லாம் என் அம்மா தாங்கினாள். இப்போது ஆணிக்கு ஓய்வு இல்லாமல் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது. இதை இரும்பு வியாபாரிக்கு நான் விளக்க வேண்டுமா?

"படிச்ச பொண்ணு பேசுது," என்றார் கனகசபை, உண்மையான வாத்சல்யத்தோடு. "பேசட்டும்."

தீர்மானம் இதுதான்: ஆண்டு விழாவன்று, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், மரகதம் தன்னுடையதை எடுத்து மாட்டிக்கொள்வது. அதற்குப் பிறகு எவருக்கும் எதுவும் விழாதபடி 'காஸ்ட் ஆஃப்' என்ற கட்டளையையே எடுத்துவிட்டு 'டர்ன் அவுட்', அதாவது வெளியே திரும்பு, என்று சொல்வது. இனி மறதியும் இல்லை, ஆணியும் வேண்டாம். ஜெபக்கனி டீச்சர், "நாக்கு வராதே கனகசபை, வாழ்நாள் பூரா சொன்னது" என்றார். பழகிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா விழாவுக்கு வெளுத்த புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுக்கப் போறியா?"

"எல்லாருக்கும் சங்கடமா இருக்குடி. பேசவே கஷ்டப்படறாங்க, பாவம்."

"உனக்கு எப்படி இருக்கு? அதச் சொல்லு."

அம்மா மடிப்பதை நிறுத்தினாள். "முந்தாநாள் அந்தப் பாலத்தத் தாண்டி வந்துட்டுத் திரும்பிப் பார்த்தேன்," என்றாள். "இத்தனை வருஷமா அங்க உக்காருவேனே, எதுக்கு உக்காந்தேன்னு யோசிச்சு நின்னேன். சிரிப்பா வந்துது." பிறகு சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "திரும்பவும் அங்க உக்காரணும்னா கஷ்டமாத்தான் இருக்கும்" என்றாள்.

நான் அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாட வேண்டிய இடம் வேறு.

விழாவன்று மத்தியானம் மூடுபனி ஜன்னல் வழியாக வந்து ஹாலுக்குள் இடுப்பளவு நின்றது. பந்தல், வர்க்கித் தட்டுகள், மாலை போட்ட மிஸ் ஃபென் படம், அச்சான மலர்கள். வரிசைக்காரர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள், எல்லாரும் அவரவருடையதை மாட்டியபடி. அம்மா மேற்குச் சுவரை நோக்கி நடந்தாள். கனகசபை பக்கத்தில் போய் நின்று, அந்த ஊரே கண்டுபிடித்த மரியாதையில், "எடுத்தாச்சா?" என்றார்.

"ஒரு நிமிஷம்," என்றேன் நான். "மாமா, நான் சொன்னதெல்லாம் தப்பா இருக்கட்டும். நீங்களே எடுத்து எங்கம்மா கையில குடுங்க. ஒரே தடவை. குடுத்துட்டீங்கன்னா நான் வாயத் திறக்க மாட்டேன், அடுத்த மலருக்கு நீங்க சொன்னபடியே எழுதித் தர்றேன்."

"மத்தவங்களோடதத் தொடக் கூடாதும்மா."

"ஏன், என்ன ஆயிரும்? ஒரே மாதிரிதானே எல்லாம்?"

வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. கனகசபை சிரித்தார், என் வாயை அடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்திருக்க வேண்டும், மூடுபனிக்கு மேலே கையை நீட்டினார். அவர் விரல் பட்டதோ இல்லையோ, அவர் கடையின் மிகப்பெரிய ஆணி சுவரை விட்டுக் கழன்றது, அம்மாவுடையது அவர் இரண்டு கைகளிலும் வந்து விழுந்தது.

முழங்கால் மடங்கிவிட்டது அவருக்கு. முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "யோவ், பிடிங்கய்யா," என்றார். கிழக்குச் சுவர்க்காரர்கள் ஓடினார்கள். ஒருவர் ஒரு முனையைப் பிடித்தார், அவருக்கும் முதுகு வளைந்தது. இன்னொருவர், இன்னும் இருவர். பிடிக்கப் பிடிக்க அது விரிந்து ஒவ்வொரு கைக்கும் ஒரு விளிம்பு கொடுத்தது. மேற்குச் சுவர்க்காரர்கள் ஓடவில்லை. அவரவர் கனத்தோடு, நின்ற இடத்திலேயே நின்று, அமைதியாகப் பார்த்தார்கள்; அவர்களுக்கு அதில் தெரியாதது ஒன்றும் இல்லை.

பெனடிக்ட் அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் வாசித்தார். இசை கேட்டதும் ஜெபக்கனி டீச்சருக்கு வாய் தானாகத் திறந்தது, தீர்மானமெல்லாம் மறந்து, வாழ்நாள் பூரா சொன்னதே வந்தது.

"காஸ்ட் ஆஃப்!"

எல்லாருக்கும் விழுந்தது. தலைப்பில் நின்றவருக்கும் கடைசியில் நின்றவளுக்கும், டீச்சருக்கும், எனக்கும். கிழக்குச் சுவர்க்காரர்களின் இரண்டு கைகளும் அம்மாவுடையதைப் பிடித்திருந்தன, குனிந்து தங்களுடையதை எடுக்க அவர்களுக்குக் கை இல்லை. மூடுபனிக்குள் எல்லாம் ஒரே மாதிரி கிடந்தன. நடுவில் அம்மா ஒருத்தி, வெறும் கையோடு நின்றாள்.

கனகசபை வியர்வை கண்ணில் விழ அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இத மாட்டிக்கிட்டேவா தினமும் அந்த ஏத்தம்..." என்றவருக்கு வாக்கியம் முடியவில்லை. நாக்கு வழக்கமான இடத்துக்குப் போய்த் தேடியது. ஏறியாச்சா என்று முடிக்க முடியாது. ஏறியது தானாக நடந்த காரியம் இல்லை, அது இப்போது அவருக்குக் கையிலேயே தெரிந்தது. "...ஏறினீங்க?" என்றார்.

"ஏறினேன்," என்றாள் அம்மா. "கொஞ்சம் நல்லா பிடிங்க, உங்க பக்கம் தாழுது."

பிறகு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டாள். மேற்குச் சுவர்க்காரர்களில் சிலர் குனிந்து தங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள். சிலர் குனியவில்லை, அம்மாவின் பின்னாலேயே போனார்கள். நான் எடுக்கவில்லை. அந்த ஹாஸ்டல் பெண்ணிடம் போய் நின்று பார்க்க வேண்டும் என்றிருந்தது, அவளுக்கு என்னிடம் எந்தக் கேள்வி வரும் என்று.

இதற்கு மேல் வரலாறு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அம்மாவுடையதை எங்கே வைப்பது என்று கமிட்டியால் முடிவு செய்ய முடியவில்லை. ஆணி தாங்காது. தளத்தில் போட்டால் ஆட முடியாது. வெளியே வைக்கலாம் என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள், தன் வீட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம் என்கிறார்கள். எனவே முறை வைத்துப் பிடிக்கிறார்கள். விட்டுப்போன மற்றவையும் சேர்ந்துவிட்டதால் கைகள் நிறைய வேண்டியிருக்கிறது. குழுவில் உறுப்பினர்கள் பெருகி வருகிறார்கள் என்று அடுத்த மலரில் எழுதிக்கொள்ளலாம். முறை மாற்றும்போது ஒருவர் "பிடிச்சாச்சா?" என்பார், இன்னொருவர் "பிடிச்சாச்சு" என்பார். கனகசபை மறுநாள் வந்து தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டார், அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் எடுத்தது தன்னுடையதுதானா என்பது அவருக்கே நிச்சயமில்லை. தன் முறைக்கு அதை மாட்டிக்கொண்டேதான் வருகிறார். பிடித்துப் பிடித்துத் தோள்பட்டையில் அது உராய்ந்து கிழிந்துகொண்டிருக்கிறது.

சாயங்காலம் கடை அடைத்துவிட்டு அம்மா ஹால் ஜன்னலைத் தாண்டிப் போவாள். சில நாள் நின்று எட்டிப் பார்ப்பாள்.

"இன்னும் விடலையா?"

"எங்க வைக்கறதுன்னு தெரியலைங்க மரகதம்மா," என்று உள்ளிருந்து யாராவது, இரண்டு கையும் நிறைய, சொல்வார்கள்.

"யோசிங்க," என்பாள்.

பிறகு ஏற்றத்தில் நடப்பாள். மூடுபனிக்குள் பாலம் வரும், கைப்பிடிச் சுவர் வரும், அது வந்ததையே கவனிக்காமல், எனக்குப் போனில் ஏதோ சொல்லிச் சிரித்தபடி, தாண்டி மேலே போய்க்கொண்டிருப்பாள்.